டிவிடி ஸ்லைடு ஷோ: டிவியில் ஜூம் ஆகும்போது படம் மினுக்குகிறது, உதவி தேவை

குடும்பப் போட்டோக்களை வைத்து பால் (PAL, இந்தியாவில் பயன்படும் டிவி ஒளிபரப்பு முறை) டிவிடி செய்கிறேன்: 720x576, 25 ஃப்ரேம், 16:9, எம்பெக்-2, 8 எம்பிபிஎஸ். டிவிடி-ஆர் வட்டில் 4எக்ஸ் வேகத்தில் எழுதி ஃபைனலைஸ் செய்தது. பழைய பிக்சர் டியூப் டிவி, எஸ்-வீடியோ இணைப்பு.

அசையாத படங்கள் அருமையாக வருகின்றன. மெதுவாக ஜூம் ஆகும் 8 நொடியில்தான் சிக்கல்: புடவைக் கரை, படிக்கட்டு விளிம்பு போன்ற மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கின்றன. ஒரு கோடு உயரமே உள்ள விவரம் ஒரே ஃபீல்டில் (ஃப்ரேமின் ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படைக் கோடுகள் மட்டும் கொண்ட பாதி) விழுவதால் நொடிக்கு 25 முறை மின்னுகிறது என்பது புரிகிறது. கணினித் திரையில் இது தெரிவதே இல்லை.

செய்து பார்த்தவை: 12 மெகாபிக்சல் படங்களை முன்கூட்டியே 1440 அகலத்துக்குச் சுருக்கினேன், கொஞ்சம் குறைந்தது. ஷார்ப்பன் நிறுத்தியாயிற்று. ஃபீல்டு வரிசையை மேல் முதல், கீழ் முதல் என்று மாற்றினேன். கீழ் முதலில் வைத்தால் அசைவே முன்னும் பின்னுமாகத் துள்ளுகிறது. செங்குத்தாக 1 பிக்சல் பிளர் கொடுத்தால் மினுக்கல் அடங்குகிறது, ஆனால் முகங்களில் கண் இமைகூட மங்கிவிடுகிறது. அது எனக்கு ஏற்பில்லை.

முகத் தெளிவு கெடாமல் மினுக்கலை அடக்க, 50 ஃப்ரேமில் ரெண்டர் செய்து லோ-பாஸ் ஃபில்டருடன் (மிக நுண்ணிய விவரத்தை மட்டும் மென்மையாக்கும் வடிகட்டி) இன்டர்லேஸ் ஆக்குவதா (ஃபீல்டுகளாகப் பிரிப்பதா), இல்லை 25 ப்ரோக்ரெஸிவிலேயே (ஃபீல்டாகப் பிரிக்காத முழு ஃப்ரேம்) அசையும் படங்களுக்கு மட்டும் பிளர் கொடுப்பதா, எது சரி?