பிங்க் டாக்வுட்: புது இலை மஞ்சளாகுது, மொட்டும் வரல. உதவுங்க

மாடிச்செடி_தண்டையார்பேட்டை:
நர்சரியில "பிங்க் டாக்வுட்"னு சொல்லிக் கொடுத்த செடி, மொட்டை மாடியில தொட்டியில இருக்கு. போன கோடைல கொத்துக் கொத்தா பூத்துச்சு. இப்போ புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலை ஓரம் கருகுது. டாக்வுட்டுக்கு அரை நிழல் வேணும்னு நெட்ல படிச்சு, பச்சை வலைக்குக் கீழ வச்சேன். ஊத்துறது போர் தண்ணிதான். யூரியா போடலாமா?

ராயபுரம்_தோட்டம்:
யூரியா வேண்டாம், இருங்க. பிங்க் கொத்துக்கு நடுவுல குட்டியா மஞ்சள் நட்சத்திரப் பூ வந்துச்சா? மண்ணு மேல வெள்ளையா படிஞ்சிருக்கா?

மாடிச்செடி_தண்டையார்பேட்டை:
ரெண்டுமே ஆமாங்க. தொட்டி விளிம்புல கூட வெள்ளை.

ராயபுரம்_தோட்டம்:
அப்போ அது முசாண்டா. இட்லிப்பூ, காபி குடும்பம். அந்த மஞ்சள்தான் பூ, பிங்க்கா தெரியறது புல்லி இதழ். நெட்ல நீங்க படிச்ச டாக்வுட் வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்து மரம். நல்ல குளிர்ல இலை உதிர்த்து ஓய்வெடுத்தாத்தான் பூக்கும். நாம மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குற ஆளுங்க! வலையை எடுத்துடுங்க, முசாண்டாவுக்கு வெயில் வேணும்.

மஞ்சளுக்குக் காரணம் போர் தண்ணியா இருக்கணும். மண்ணுல காரத்தன்மை ஏறிட்டா இரும்புச் சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாது. ஓரம் கருகுறது உப்பு. முதல்ல நல்ல தண்ணி நிறைய ஊத்தி, அடி ஓட்டை வழியா ஓட விட்டு மண்ணைக் கழுவுங்க. அப்புறம் இரும்பு கீலேட் போடுங்க, வேர் எடுத்துக்கிற மாதிரி இருக்கிற இரும்பு உரம். வாங்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகையான்னு கேளுங்க, கார மண்ணுல அதுதான் நிக்கும். ஈ.டி.டி.ஏ.தான் கிடைச்சா சாயங்காலம் இலையில தெளிங்க. மஞ்சளான இலை முழுசா பச்சையாகாது, அடுத்து வர்ற தளிரைப் பாருங்க.

பெரம்பூர்_பூச்செடி:
புளிச்ச மோர் ஊத்துங்க, எங்க வீட்ல அதான்.

ராயபுரம்_தோட்டம்:
மோர் ஊத்தினா உப்பு வெளிய போகாதுங்க. எறும்புதான் வரும்.

பெரம்பூர்_பூச்செடி:
சரி சரி 😄 ஆனா கவாத்து பண்ணச் சொல்லுங்க. புதுக் கிளை நுனியிலதான் பூ வரும். தளிர் தெளிஞ்சப்புறம் மூணுல ஒரு பங்கு வெட்டினா போதும். கணுவுல மாவுப்பூச்சி இருக்கான்னும் பாருங்க.

மாடிச்செடி_தண்டையார்பேட்டை:
ரொம்ப நன்றி. நல்ல தண்ணிக்குத்தான் வழியில்ல, லாரித் தண்ணி சமையலுக்கே சரியா போகுது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணி ஊத்தலாமா?

ராயபுரம்_தோட்டம்:
ஐயோ, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி. ஏ.சி.ல சொட்டுற தண்ணியைப் பக்கெட்ல பிடிங்க, அதுல உப்பு கிடையாது. மழை வந்தா தொட்டியை அப்படியே நனைய விடுங்க.