கீழூரும் சவோயும் ஒன்றா?

குருசுக்குப்பத்தான்:
எங்கள் பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர். அவர் மகன் இருப்பது பிரான்சில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம், ஆன்சி ஊரில். நேற்று வீடியோவில் பக்கத்து வீட்டுக் காரைக் காட்டினான். நம்பர் பலகை ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர், நடுவில் வெள்ளைச் சிலுவை. அந்த வட்டாரமான சவோயின் கொடியாம். அங்கே சவோய் லீக் என்று ஒரு குட்டிக் கட்சி 1995இல் கிளம்பி, ‘நாங்கள் பிரான்சே இல்லை’ என்று பிரசாரம் செய்தது. 1860இல் இத்தாலிப் பக்கம் இருந்து ஆண்ட அவர்களுடைய ராஜா, ஆஸ்திரியாவோடு சண்டை போடப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் உதவியதற்குக் கூலியாகத் தன் குலம் பிறந்த மண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் பிரான்சோடு சேர ஒப்புக்கு ஒரு வாக்கெடுப்பு: ஆம் 1,30,533, இல்லை 235! ‘இல்லை’ சீட்டு பல ஊரில் கைக்கே வரவில்லை என்கிறார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

லாஸ்பேட்டை வாத்தியார்:
தம்பி, நியாயம் இருக்கட்டும். அதற்காகத் தனிநாடா? 1998இல் சவோய் அடங்கிய ரோன்-ஆல்ப் பிராந்திய மன்றத்தில் ஒரே ஓர் இடம் பிடித்தார்கள். அவ்வளவுதான். ஊர் கேட்காததைக் கட்சி கேட்டது. உங்கள் கணக்கில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரி இந்தியாவோடு சேர வாக்கெடுப்பு நடந்த கீழூரும் செல்லாது. 1954 அக்டோபர் 18 அன்று வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். இந்தியாவோடு சேர 170 பேர் சம்மதம். உங்கள் தாத்தாவை யார் கேட்டார்கள்?

குருசுக்குப்பத்தான்:
அதைத்தான் ஐயா நானும் கேட்கிறேன். வங்காளத்தில் இருந்த இன்னொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் 1949இல் ஊர் மக்களே வாக்களித்தார்கள், 7,473க்கு 114. நமக்கு மட்டும் ஏன் பிரதிநிதி வாக்கு? நான் பிரிவினை பேசவில்லை, அடிக்க வராதீர்கள்.

கடலூர் ஓ.டி.:
எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டினால் மதுப் பாட்டில் விலை மாறுகிறதே, எங்களுக்கு நீங்கள் ஏற்கெனவே தனிநாடுதான். சரி, சீரியஸாக ஒன்று. இங்கே 1963இல் அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். திமுகவும் திராவிட நாடு கோரிக்கையை விட்டது. பிரான்சில் அந்தக் கட்சியை நிற்கவிட்டு, மக்களே தோற்கடிக்கட்டும் என்று விட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

லாஸ்பேட்டை வாத்தியார்:
அது சரி. ஆனால் இரண்டு இடத்து இணைப்பு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சவோய்க்காரன் பழைய குடியுரிமையோடு இருக்க விரும்பினால் ஓராண்டுக்குள் எழுதிக் கொடுத்து, வீடுவாசலை விட்டு இத்தாலிப் பக்கம் போக வேண்டும். நமக்கு 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடு, பிரெஞ்சுக் குடியாகவே உன் தெருவில் இரு என்றது. கீழூரில் கேட்காததை அந்த ஒப்பந்தத்தில் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக. உங்கள் பெரியப்பா பட்டாளத்துக்குப் போன கதையும் அங்கேதானே தொடங்குகிறது?

குருசுக்குப்பத்தான்:
தொடங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எந்தக் குடியுரிமை என்ற கேள்வி ஐயா, மண் யாருக்கு என்ற கேள்வி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் சவோய் லீக்குக்கும் அதே பதிலைச் சொல்லி வாயை அடைக்கலாமே? இன்னொன்று. 178இல் 170 போக மீதி எட்டுப் பேர். அவர்கள் பெயர் கீழூர் நினைவிடத்தில் இருக்கிறதா?

லாஸ்பேட்டை வாத்தியார்:
கீழூரில் ஆகஸ்ட் 16 கொடியேற்றத்துக்கு வாருங்கள். சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

கடலூர் ஓ.டி.:
நானும் வருகிறேன். திரும்பும்போது முள்ளோடையில் ஒரு வேலை இருக்கிறது.