நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாமா?

கேள்வி – திருவண்ணாமலை வாசகர்:
சுமார் 277 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அவற்றைச் செல்லுமென்றது. காடும் ஏரியும் என்னவாகும் என்று ஆராயும் முன்பே நிலத்தைக் குறித்துவிடலாமா?

பதில் 1 – வழக்கறிஞர்:
உச்ச நீதிமன்றம் அனுமதியே வேண்டாமென்று கூறவில்லை; நிலம் எடுக்கும் நோக்கத்தைத் தெரிவிக்கும், தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவு அறிவிக்கைக்கு அது முன்நிபந்தனையல்ல, ஆனால் களத்தில் பணி தொடங்குமுன் கட்டாயம் என்றே கூறியது. அந்த அறிவிக்கையை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றங்களைத் திருத்த வேண்டுமென்ற, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பகுதியையும் அது உறுதிசெய்தது. உழவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

பதில் 2 – ஓய்வுபெற்ற பொறியாளர்:
சட்டப்படி அது சரியாயிருக்கலாம். திட்டமிடல் முறையாக எனக்கு ஏற்பில்லை. பாதை குறிக்கப்பட்டபின் நடக்கும் ஆய்வு, மாற்று வழிகளை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த வழிக்கு நியாயம் தேடுவதாகச் சுருங்கிவிடுகிறது.

பதில் 3 – சேலம் வாசகர்:
2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் நடத்த வேண்டும். அந்த மதிப்பீட்டு வரைவறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, கிணறு, ஓடை, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் புல எண்ணுடன் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக மறுப்பளியுங்கள். பொதுவான கண்டனத்தைவிட அதற்கே அதிகாரிகள் பதில் எழுதியாக வேண்டியிருக்கும்.