சிக்கல் சண்முகசுந்தரத்தின் கன்னம்

டெல்டா ரசிகன்:
நேற்று ராத்திரி டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ மறுபடியும் போட்டார்கள். 1968-ல் வந்த படம், இன்றைக்கும் அசைக்க ஆளில்லை. நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக வாசிக்கும்போது சிவாஜிக்குக் கன்னம் உப்புகிறதே, அதைப் பார்த்து நிஜ நாதஸ்வர வித்வான்களே பாடம் படிக்கலாம். குறை என்று சொல்ல ஒரு இடம் கிடையாது.

ஆச்சாமரம்:
வித்வான்கள் பாடம் படிக்கலாமாம்! தம்பி, எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இந்தக் குழல்தான் சோறு போடுகிறது. படத்தை நானும் ரசிக்கிறவன்தான். ஆனால் கன்னத்தைச் சொல்லாதீர்கள். வாயில் வைக்கிற நாணல் சீவாளியை உதடு பிடிக்க வேண்டும், காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு விடாமல் ஊதுவது, பக்கத்தில் நின்று சுருதி பிடிக்கிற ஒத்துக்காரர் வேலை. பாடம் நடக்கும்போது கன்னம் உப்பினால் தாத்தா ஒரு தட்டுத் தட்டுவார். சிக்கல் சண்முகசுந்தரம் அவரிடம் வந்திருந்தால் முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

டெல்டா ரசிகன்:
ஐயா, அது நடிப்பு. குழலைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வாசிக்கிறார் என்று எப்படித் தெரியும்?

ஆச்சாமரம்:
நடிப்பு என்றா எழுதினீர்கள்? வித்வான்கள் பாடம் படிக்கலாம் என்று எழுதினீர்கள். மேலேதான் இருக்கிறது.

கொரடாச்சேரி அக்கா:
ஆளுக்கொரு கன்னம் பிடித்துக்கொண்டீர்களா? சரி. குறையே இல்லை என்றாரே, அதைப் பேசுவோம். மதன்பூர் மகாராஜாவாக நம்பியார் வந்த பிறகு படம் நகருகிறதா? அந்தச் சண்முகசுந்தரத்துக்குத்தான் எதற்கெடுத்தாலும் சந்தேகம். மோகனா ரயிலில் போனாலும் சந்தேகம், அரண்மனைக்குப் போனாலும் சந்தேகம். இத்தனைக்கும் அவளைத் தூணுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் பார்த்தவர் அவர்தான். அந்த ஒரு நடனத்துக்காகத்தான் எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்துவிடுகிறேன். ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்தே பத்மினி ஆடுகிறார், சுசீலா பாடுகிறார். ஆள் பெயர் சண்முகம், ராகம் சண்முகப்பிரியா. கே.வி.மகாதேவன் தெரியாமலா போட்டிருப்பார்?

மதுரைக்காரன்:
சிக்கல், திருவாரூர் என்று ரொம்பத்தான் மார்தட்டுகிறீர்கள். படத்தில் வாசித்தது எங்கள் ஊர் சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். கன்னத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், காற்று எந்த ஊர் என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

ஆச்சாமரம்:
மறக்கவில்லை. அவர்கள் வாசிப்பைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குழல் என்றால் நரசிங்கம்பேட்டை. 2022-ல் புவிசார் குறியீடே கொடுத்தாகிவிட்டது. சீவாளிக்கு நாணல் காவிரிக்கரையில் விளைகிறது. வைகைக்கரை நாணலில் சீவாளி செய்து வாசியுங்கள், கேட்கிறோம். இதில் எதுவுமே கன்னத்துக்குப் பதில் இல்லை.

மதுரைக்காரன்:
வைகையில் தண்ணீர் வராதது எங்கள் தப்பா அண்ணே?

பாரி நாயனம்:
இரண்டு பேரும் 1962-க்குப் போங்கள். ‘கொஞ்சும் சலங்கை’. ஜானகி குரல் ஒரு பக்கம், காருகுறிச்சி அருணாசலம் நாயனம் ஒரு பக்கம். சிக்கலில் இருக்கிற சிங்காரவேலனையே கூப்பிடுகிற பாட்டு. தில்லானாவில் வருகிற ‘நகுமோமு’ கீர்த்தனையும் ஆபேரி ராகம், இதுவும் ஆபேரி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். அதில் ஜெமினி கணேசனின் கன்னத்தை யார் பார்த்தார்கள்? காது நிறைந்துபோனது.

டெல்டா ரசிகன்:
பார்க்கவே இல்லை என்கிறீர்களே, அதுதான் வித்தியாசம். சிவாஜியைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆச்சாமரம்:
காருகுறிச்சியார் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ஆக அதுவும் எங்கள் காவிரிக்கரைப் பாடம்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச் சீமை:
வந்துட்டாங்கய்யா. காருகுறிச்சி எங்கள் சீமை. நன்றாக வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் தஞ்சாவூர்க் கணக்கில் எழுதிக்கொள்வீர்களா?

டெல்டா ரசிகன்:
ஆச்சாமரம் ஐயாவுக்குக் கன்னம் ஒரு சாக்கு. நடிகர் திலகத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சூரக்கோட்டையில் வீடும் வயலும் வைத்திருந்த மனுஷன், சொந்த மண் என்று நம்பி 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்றார். தோற்கடித்து அனுப்பினீர்கள். அதே கூட்டம்தான் இப்போது கன்னத்தை அளக்கிறது.

ஆச்சாமரம்:
அது ஓட்டு, இது கன்னம். அப்போது யாருக்குப் போட்டேன் என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை. நடிப்பில் குறை சொன்னேனா? வாசித்து முடித்து, குழலை இறக்கி, சபையை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்தத் திமிர் நிஜ வித்வானுக்கு உள்ள திமிர். அதற்கு நூற்றுக்கு நூறு. தவில்காரராக பாலையா உட்கார்ந்திருக்கும் தோரணைக்கு அதற்கு மேலேயே போடுவேன். கன்னத்துக்கு மட்டும் பூஜ்யம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். உதடு, அடிவயிறு. இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொரடாச்சேரி அக்கா:
கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. அதில் பாதியைக்கூடப் படத்தில் அடக்க முடியவில்லை. ஏ.பி.நாகராஜனை அதற்காகத் திட்டுவீர்கள் என்று பார்த்தால், இன்னும் கன்னத்திலேயே நிற்கிறீர்கள். வைத்தி, வடிவாம்பாள், ஜில்ஜில் ரமாமணி என்று ஒரு ஊரே நடித்திருக்கிறது. அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை?

மதுரைக்காரன்:
அக்கா சொல்வது நியாயம். ஜில்ஜில் இல்லாவிட்டால் படம் பாதியிலேயே படுத்திருக்கும்.

டெல்டா ரசிகன்:
படுத்திருக்காது. சிவாஜி இருக்கிறார்.

ஆச்சாமரம்:
கன்னத்தோடு இருக்கிறார்.

டெல்டா ரசிகன்:
ஐயா, கடைசியாகக் கேட்கிறேன். அந்தப் படம் வந்த பிறகுதானே பாமர ஜனங்களுக்கு நாதஸ்வரக்காரர் மேல் ஒரு மரியாதை வந்தது? நன்றி வேண்டாமா?

ஆச்சாமரம்:
மரியாதையா? உங்கள் தங்கச்சி கல்யாணத்தில் பெண்ணழைப்புக்குச் செண்டை மேளம் வைத்தது யார்? நான் அந்தப் பந்தலில்தான் சாப்பிட்டேன். முகூர்த்தத்துக்கு மட்டும் ஒரு நாயனம், அதையும் பேரம் பேசிப் பிடித்தீர்கள். டிவியில் சிவாஜி வாசித்தால் கண்ணில் தண்ணீர் விடுவீர்கள், வாசலில் வந்து நிற்கிறவனுக்குப் போக்குவரத்துச் செலவு தர மாட்டீர்கள்.

டெல்டா ரசிகன்:
செண்டை மேளம் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

பாரி நாயனம்:
ஒரு சந்தேகம். அந்தக் கல்யாணத்தில் வாசித்தவருக்குக் கன்னம் உப்பியதா?

ஆச்சாமரம்:
அவர் என் சித்தப்பா மகன். உப்பவில்லை.

டெல்டா ரசிகன்:
அதனால்தான் யாருக்கும் கேட்கவில்லை.