ஜென்னி லீ: திறந்தநிலைப் பல்கலைக்கழகம் யாருடைய ஆக்கம்?

நூலகத்திண்ணை கேட்டது:

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வரலாறு படித்து வருகிறேன். தொலைநிலைக் கல்வியின் தோற்றம் பற்றி ஓர் ஒப்படைப்பு எழுத வேண்டியிருப்பதால், இந்த வகைப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சில நாட்களாக வாசிக்கிறேன். அதைக் கனவு கண்டவர் பிரதமர் ஹரால்ட் வில்சன் என்று ஒரு வரி வருகிறது. துணை அமைச்சராக இருந்த ஜென்னி லீ உதவினார் என்று அரை வரி வருகிறது. அந்த அரை வரியிலும் பாதியை, அவர் தேசிய நலவாழ்வுப் பணியை நிறுவிய அனூரின் பெவனின் மனைவி என்ற செய்தி எடுத்துக்கொள்கிறது.

ஆனால் அவர் பெவனை மணப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, தம் 24ஆம் வயதில், ஸ்காட்லாந்தின் வடக்கு லனார்க் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் என்று அறிந்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள். அவ்வளவு இளம் வயதில் தமக்கு இடம் கொடுத்த தொழிற்கட்சியை விட்டு 1932இல் அவர் ஏன் விலகினார்? பல்கலைக்கழகத்தை உருவாக்கியதில் அவருடைய பங்கு உண்மையில் எவ்வளவு? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரிச்சுரங்கம் எழுதியது:

முதல் ஐயத்திற்கு விடை அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது. ஜென்னி லீ 1904 நவம்பர் 3 அன்று ஃபைஃப் மாவட்டத்து லாக்கெல்லி என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லீ சுரங்கத் தொழிலாளி. கெயிர் ஹார்டி தொடங்கிய சுயேச்சைத் தொழிற்கட்சியின் உள்ளூர்ச் செயல்வீரர். இந்தக் கட்சி தொழிற்கட்சிக்குள் ஓர் உறுப்பு அமைப்பாக, அதைவிடத் தீவிரமான சோசலிசக் கொள்கையோடு இயங்கி வந்தது. ஆகவே லீ குடும்பத்திற்குத் தாய்வீடு சுயேச்சைத் தொழிற்கட்சிதான். தொழிற்கட்சி அந்த வீடு நின்றிருந்த தெரு, அவ்வளவே.

கார்னகி அறக்கட்டளையும் மாவட்டக் கல்வித்துறையும் கொடுத்த பண உதவியால் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து, கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, சொந்த மாவட்டத்திலேயே பள்ளி ஆசிரியரானார். அவர் படிப்பை முடித்த 1926தான் பொது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தபோதிலும், சுரங்கங்களின் கதவடைப்பு மாதக்கணக்கில் நீண்டது. பட்டம் வாங்கிய மகள் ஊர் திரும்பியபோது கண்டது பட்டினியைத்தான்.

1929 மார்ச்சில் நடந்த வடக்கு லனார்க் இடைத்தேர்தலில் அவர் வென்றார். இதில் ஒரு விந்தை உண்டு. பெண்கள் 21 வயதிலேயே வேட்பாளராக நிற்கலாம் என்று 1918 முதலே சட்டம் இருந்தது. வாக்களிப்பதற்கோ 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வயது வரம்பை 1928ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டாலும், அதன்படி அமைந்த புதிய வாக்காளர் பட்டியல் அந்த இடைத்தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. எனவே அன்று மக்கள் அவருக்கு வாக்களிக்கலாம். அவர் யாருக்கும் வாக்களிக்க முடியாது. நாடாளுமன்றத்தில் தம் கன்னிப்பேச்சிலேயே நிதியமைச்சர் சர்ச்சிலின் வரவு செலவுத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். சாடப்பட்டவரே பிறகு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

1931இல் பிரதமர் மக்டொனால்டு எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்ததும் தொழிற்கட்சி சிதறியது. அவ்வாண்டுத் தேர்தலில் ஜென்னியும் தோற்றார். நாடாளுமன்றத்தில் கட்சிக் கட்டளைக்குப் பணிந்தே வாக்களிக்க வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்து, சுயேச்சைத் தொழிற்கட்சி 1932இல் தொழிற்கட்சியிடமிருந்து பிரிந்தது. ஜென்னி தாய்வீட்டோடு போனார். பெவன் போகவில்லை. அவ்வளவு தூய்மையாக இருக்க ஆசையென்றால் கன்னிமாடத்தில் சேர்ந்துவிடுவதுதானே என்று அவர் ஏளனம் செய்ததை, ஜென்னியே தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். 1931 தோல்விக்குப் பின் 14 ஆண்டுகள் ஜென்னிக்கு நாடாளுமன்ற இடம் இல்லை. பெவனின் கணிப்பே சரியென்பது என் கருத்து. ஆனாலும் மகள் எடுத்த முடிவில் தந்தையின் நிழலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வானொலிக்காலம் எழுதியது:

இரண்டாவது ஐயத்திற்கு நான் முயல்கிறேன். தொழிற்கட்சிக்குத் திரும்பிய அவர் 1945இல் இங்கிலாந்தின் கேனக் தொகுதியில் வென்று 1970 வரை அதை வைத்திருந்தார். பெவன் 1960இல் மறைந்தார். 1964இல் வில்சன் பிரதமரானபோது ஜென்னிக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. முதன்முறையாக அரசுப் பொறுப்பு கிடைத்தது. முதலில் கலைத்துறை, பின்னர் கல்வி அமைச்சகத்திற்கு மாறியபோது அதனோடு பல்கலைக்கழகத் திட்டம்.

வில்சன் 1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பேசியது "வானலைப் பல்கலைக்கழகம்" பற்றி. தொலைக்காட்சி, வானொலி, அஞ்சல்வழிப் பாடம் ஆகியவற்றை இணைத்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தலாம் என்ற அளவில்தான் அந்த யோசனை இருந்தது. தனியே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமாக அவர் அதை எண்ணவில்லை. ஜென்னி செய்த மாற்றம் இந்த இடத்தில்தான். ஏழைகளுக்கென்று இரண்டாந்தரமான ஒன்று வேண்டாம். சேர்வதற்கு எந்தத் தகுதிச் சான்றும் கேட்கக் கூடாது, முடிப்பவரின் பட்டமோ மற்றப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்குச் சிறிதும் குறையக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. வாசலை அகலமாகத் திறந்துவிட்டுத் தேர்வைக் கடினமாகவே வைத்திருப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதை, ஒப்படைப்புகளைத் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கல்வி அமைச்சர் கிராஸ்லாண்டுக்கு இதில் ஆர்வமில்லை, நிதித்துறைக்கு எரிச்சல். ஜென்னி 1965இல் ஆலோசனைக் குழுவுக்குத் தாமே தலைமையேற்றார். ஒரு துணை அமைச்சர் அப்படிச் செய்வது வழக்கமில்லை. இழுபறி ஏற்பட்டால் துறையைத் தாண்டி நேரே பிரதமரிடம் சென்றார். 1966 பிப்ரவரியில் வெள்ளை அறிக்கை, அதாவது அரசின் கொள்கை அறிக்கை, வெளியானது. செலவைக் கணக்கிட்ட வழக்கறிஞர் குட்மேன் பிரபு, தாம் சொன்ன தொகை உண்மைச் செலவைவிட மிகக் குறைவு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். சரியான தொகையை அன்று சொல்லியிருந்தால் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். 1969 ஏப்ரலில் அரச சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின.

மாற்றுப்பார்வை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் ஒருவரையே முன்னிறுத்திவிட்டார்கள். "திறந்த பல்கலைக்கழகம்" என்ற யோசனையைச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1962இலேயே எழுதிவிட்டார். கேம்பிரிட்ஜில் அஞ்சல்வழிக் கல்லூரி ஒன்றையும் அவர் தொடங்கினார். சிகாகோவில் தொலைக்காட்சிப் பாடங்களும் சோவியத் நாட்டில் அஞ்சல்வழிப் பட்டங்களும் நடைமுறையில் இருந்ததை வில்சன் அறிந்திருந்தார்.

மற்றொன்று: முதலில் சேர்ந்தவர்களில் மிகப் பெரிய பிரிவினர் பள்ளி ஆசிரியர்கள், ஃபைஃப் சுரங்கத் தொழிலாளிகள் அல்லர். ஜென்னி தம்மைப் பெண்ணுரிமைவாதி என்று காட்டிக்கொண்டவரும் இல்லை. சோசலிசம் வந்தால் பெண்களின் துயரும் தீரும் என்று நம்பினார். ஒப்படைப்பில் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கரிச்சுரங்கம் எழுதியது:

ஆசிரியர்கள் மிகுதி என்பது உண்மை. எனினும் அவர்களில் பலர் பட்டம் இல்லாமல் பயிற்சிச் சான்றிதழை மட்டும் கொண்டு பணியில் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், இது தொழிலாளர்களுக்கு மட்டுமான பல்கலைக்கழகம் என்று ஜென்னி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு பெயர் அதற்கு ஒட்டிவிடக் கூடாது என்பதே அவர் அச்சமாக இருந்தது.

நூலகத்திண்ணை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒன்றுமட்டும் கேட்கிறேன்: அவருடைய ஸ்காட்லாந்துப் பின்புலம் பல்கலைக்கழகத்தின் அமைப்பில் எங்காவது தெரிகிறதா? அல்லது அது அவருடைய பிறந்த ஊரோடு நின்றுவிட்டதா?

வானொலிக்காலம் எழுதியது:

தெரிகிறது. இங்கிலாந்தில் அன்று மாணவர் முதல் ஆண்டிலிருந்தே ஒரே பாடத்தில் ஆழ்ந்துவிடுவார். ஸ்காட்லாந்தின் பொதுப் பட்டத்தில் பல பாடங்களை அகலமாகப் படித்த பிறகே ஆழம் வரும். ஜென்னி எடின்பரோவில் படித்தது அந்த மரபில்தான். முதல் துணைவேந்தர் வால்டர் பெர்ரியும் ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். புதிய பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடங்கள் முதலில். ஆறு அலகுகள் முடித்தால் சாதாரணப் பட்டம், எட்டு முடித்தால் சிறப்புப் பட்டம். இடையில் நின்று போனாலும் சேர்த்த அலகுகள் வீணாகாது. நீங்கள் இன்று சேர்க்கும் மதிப்பலகுகளுக்கு இதுவும் ஒரு மூதாதை.

ஒரு செய்தி விடுபட்டது. 1970 ஜூன் தேர்தலில் ஜென்னி கேனக்கில் தோற்றார், அவர் கட்சியும் ஆட்சியிழந்தது. எதிர்க்கட்சியில் இருந்தபோது இத்திட்டத்தை வெறும் பிதற்றல் என்று சொன்ன இயன் மக்லியாட் நிதியமைச்சரானார். ஒரு மாதத்திற்குள் இறந்துவிட்டார். புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர், தம் கட்சியினரின் எதிர்ப்பை மீறிப் பல்கலைக்கழகத்தைத் தொடர விட்டார். முதல் பாடங்கள் ஒளிபரப்பானபோது ஜென்னி பிரபுக்கள் சபையில் இருந்தார், பதவி எதுவும் இல்லாமல்.