வீட்டில் செய்யும் மெழுகுவர்த்திக்கு எந்த கலர், எவ்வளவு, எப்போ போடணும்?

திரிநூல்:
வணக்கம். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வகை செய்யப் போறேன். ஒன்று, 7 செ.மீ. விட்டமுள்ள பில்லர் (பாத்திரம் இல்லாமல் தானா நிற்கிற தூண் மாதிரி மெழுகுவர்த்தி), பாரஃபின் மெழுகில், அடர் சிவப்பு. இன்னொன்று, கண்ணாடி டம்ளரில் சோயா மெழுகு, இளம் ஊதா, வெனிலா வாசனை. கலருக்கு ஃபுட் கலர், க்ரேயான், மைக்கா பவுடர், சாக்லேட்டுக்குப் போடுற ஆயில் கலர், கேண்டில் டைன்னு ஐந்து பெயர் சொல்றாங்க. எதை வாங்கலாம்? ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம்? எந்தச் சூட்டில் கலக்கணும்? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற எதுவும் நிறம் தருமா?

அச்சுக்கூடம்:
கேண்டில் டை, அதாவது மெழுகில் கரையுற சாயம், அதை மட்டும் வாங்குங்க. மற்ற நாலும் திரியை அடைச்சிடும். உருகின மெழுகு திரி வழியா மேலே ஏறி, ஆவியாகித்தான் எரியுது. மெழுகில் முழுசா கரைஞ்ச நிறம் கூடவே ஏறிப் போயிடும். கரையாத துகள் திரியின் இழைகளுக்கு நடுவில் தங்கிடும். ஆரம்பத்தில் நல்லாத்தான் எரியும். அப்புறம் சுடர் சிறுத்து, திரி நுனியில் கரி காளான் மாதிரி திரண்டு, கடைசியில் உருகின மெழுகிலேயே மூழ்கி அணையும்.

ஃபுட் கலர் தண்ணீரில் கரையுறது. மெழுகில் விட்டால் முத்து முத்தா உருண்டு அடியில் போய் உட்காரும். அந்த ஈரம் திரிக்கு வந்தால் படபடன்னு தெறிக்கும். மைக்கா கனிமத் தூள், எங்கேயும் கரையாது. க்ரேயானையே மெழுகில்தானே செய்யுறாங்கன்னு பலர் நம்பிப் போடுறாங்க. ஆனா அதில் நிறம் தருவது பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள். சாக்லேட் ஆயில் கலரில் இன்னும் கவனமா இருங்க. கரைஞ்ச மாதிரியே தெரியும், உண்மையில் நுண்ணிய தூள் எண்ணெயில் மிதந்துட்டு இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை உருகின மெழுகில் கலக்கி, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வெந்நீரில் அசையாமல் ஒரு மணி நேரம் வையுங்க. அடியில் மண்டி படிஞ்சா அது வேண்டாம்.

பவுடரா வாங்கும்போது டப்பாவில் பெயரைப் பாருங்க. ‘சால்வென்ட் ரெட்’, ‘சால்வென்ட் ப்ளூ’ன்னு இருந்தால் எண்ணெயிலும் மெழுகிலும் கரையுற வகை. ‘ரியாக்டிவ்’, ‘டைரக்ட்’, ‘ஆசிட்’ன்னு ஆரம்பிச்சா அது துணிச்சாயம், தண்ணீருக்கானது. சாயக்கடையில் ரெண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், மாத்திக் கொடுத்துடுவாங்க.

தராசுமுள்:
அளவைப் பற்றி. சொட்டுக் கணக்கும் சிட்டிகைக் கணக்கும் வேண்டாம், அடுத்த தடவை அதே நிறம் வராது. 0.01 கிராம் காட்டுற நகைத் தராசு ஒன்று வாங்கிடுங்க.

பவுடர் டையில் ஒரு கிலோ மெழுகுக்கு 0.2 கிராம் போட்டால் இளம் நிறம், 0.5 கிராம் நடுத்தரம், 1 கிராம் அடர் நிறம். கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும், அதனால் இதைத் தொடக்க அளவா மட்டும் எடுத்துக்குங்க. 0.2 கிராம் பவுடரைத் தனியா நிறுப்பது கஷ்டம், காற்றில் பறந்து மேடையெல்லாம் கறையாகும். அதுக்கு மாஸ்டர் பேட்ச், அதாவது டையை அடர்த்தியா கலந்து வைச்ச மெழுகு, செய்யலாம்: 98 கிராம் பாரஃபினில் 2 கிராம் பவுடர். டபுள் பாய்லரில் (கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைச்ச இன்னொரு பாத்திரம்) 85 டிகிரி வரைக்கும் சூடாக்கி, துகள் இல்லாமல் கலக்கி, சிலிக்கான் ஐஸ் ட்ரேயில் ஊற்றி வில்லையா எடுங்க. இதில் 10 கிராம் வில்லைக்குள் 0.2 கிராம் டை இருக்கும். உங்க சிவப்பு பில்லருக்குக் கிலோவுக்கு 50 கிராம் வில்லை போதும். கையுறை போட்டுக்குங்க.

கலக்குற வரிசை: முதலில் மெழுகு முழுசா உருகணும். பாரஃபினுக்கு 5 முதல் 10 சதவீதம் ஸ்டியரிக் ஆசிட் சேருங்க. நிறம் எடுப்பா வரும், அச்சிலிருந்தும் சுலபமா கழலும். சூடு 80–85 டிகிரிக்கு வந்ததும் டை போட்டு 2–3 நிமிஷம் கலக்குங்க. கரண்டியில் கொஞ்சம் எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் சரிச்சு ஓட விடுங்க. கரையாத தூள் இருந்தால் அடர் புள்ளியா, பின்னால் ஒரு வாலோடு தெரியும். அப்படி இருந்தால் ஊற்றாதீங்க, இன்னும் கலக்குங்க. பில்லர் அச்சு தலைகீழா நிற்குது. அச்சின் அடியில் படியுற தூள், கழற்றினதும் மெழுகுவர்த்தியின் தலையில்தான் புள்ளி புள்ளியா தெரியும். வாசனை எண்ணெய் எப்பவும் டைக்கு அப்புறம்.

நிறத்தைப் பாத்திரத்தில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. திரவமா இருக்கும்போது அடர்த்தியா காட்டும், உறைஞ்சதும் வெளிறும். வெள்ளைத் தாளில் ஒரு கரண்டி ஊற்றி, முழுக்க ஆறவிட்டுப் பாருங்க. தாள் மேல் இருப்பது மெல்லிய படலம், பில்லரில் அதைவிடக் கொஞ்சம் அடர்த்தியா வரும்.

நேரடி அடுப்பில் மெழுகுப் பாத்திரத்தை வைக்கவே கூடாது. தீப்பிடிச்சா மூடி போட்டு அணைக்கணும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

வேம்பாளம்:
சோயா பற்றி நான் சொல்றேன். சோயா உறையும்போது பால் மாதிரி வெளுப்பாகும், அதனால் எந்த டையும் அதில் இளநிறமாத்தான் வரும். உங்களுக்கு வேண்டியதும் இளம் ஊதாங்கிறதால் பொருத்தம்தான். அடர் நிறம் போட்டால் சோயாவின் மேல் பூக்கிற வெள்ளைப் படிகம் அசிங்கமா தெரியும்.

ஊதாவையும் வெனிலாவையும் சேர்க்காதீங்க. வெனிலா வாசனை எண்ணெயில் இருக்கிற வெனிலின் நாளாக ஆக மெழுகைப் பழுப்பாக்கும். ஊற்றின அன்றைக்கு அழகா இருக்கும், ரெண்டு வாரத்தில் மங்கின செங்கல் நிறத்துக்கு வந்துடும். வெனிலா வேணும்னா காப்பி, கேரமல் மாதிரி நிறம் வையுங்க. ஊதாவுக்கு வெனிலின் இல்லாத வாசனையா கேட்டு வாங்குங்க. ஊதாவும் இளஞ்சிவப்பும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலோரம் வைக்காமல் பெட்டியில் வையுங்க.

நாட்டு மருந்துக் கடை கேட்டீங்களே, வேம்பாளம்பட்டை இருக்கு. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சிவப்பாக்குறது அதுதான், சோயா மெழுகிலும் அப்படியே இறங்கும். 100 கிராம் மெழுகுக்கு 10 கிராம் பட்டை, டபுள் பாய்லரில் 70–75 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மல்துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டுங்க. செம்மை கலந்த ஊதா வரும். அதையே மற்ற மெழுகோடு வேண்டிய அளவு கலந்துக்கலாம். பட்டையை எண்ணெயில் ஊறவைச்சு அந்த எண்ணெயைப் பாரஃபினில் ஊற்றாதீங்க, மெழுகுவர்த்தி வியர்க்கும், அதாவது மேலே எண்ணெய் கசியும். மஞ்சள்தூள் போட்டால் தெளிஞ்ச மேல்மெழுகை மட்டும் எடுக்கணும், அதுவும் வெளிச்சத்தில் வேகமா வெளுத்துடும். பீட்ரூட், செம்பருத்தி நிறம் தண்ணீரில்தான் இறங்கும், மெழுகில் துளியும் வராது. குங்குமம் வெறும் தூள், திரியை அடைக்கும்.

திரிநூல்:
மிக்க நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். டை போட்டால் திரி அளவை மாத்தணுமா? பில்லரில் சிவப்பு, வெள்ளை அடுக்கா ஊற்றலாமா?

அச்சுக்கூடம்:
அடர் நிறத்துக்கு மாத்த வேண்டி வரலாம். டை போடாத ஒன்று, போட்ட ஒன்று, ஒரே அச்சில், ஒரே திரியில் செய்து பக்கத்தில் வைச்சு 3 மணி நேரம் எரியுங்க. சிவப்பில் சுடர் சிறுசா இருந்தால், அல்லது உருகின குளம் விளிம்புப் பக்கம் போகாமல் நடுவில் குழி விழுந்தால், அடுத்த அளவு திரிக்குப் போங்க.

சிவப்பு-வெள்ளை அடுக்கு வேண்டாம். மெழுகில் கரைஞ்ச டை உறைஞ்ச பிறகும் மெல்ல நகரும். சில வாரத்தில் வெள்ளையின் ஓரம் ரோஸ் ஆகிடும், அதைத் தடுக்க முடியாது. அடுக்கு வேணும்னா சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு அடுத்தடுத்த நிறமா வையுங்க. இல்லைன்னா வெள்ளை பில்லர் செய்து, 75 டிகிரியில் இருக்கிற சிவப்பு மெழுகில் 3–4 விநாடி முக்கி எடுங்க. ஒரு நிமிஷம் ஆறவிட்டு இன்னொரு தடவை. மேல்தோலுக்கு மட்டும்னா பிக்மென்ட் போட்டாலும் பரவாயில்லை, அது நகராது. திரி அளவு சரியா இருந்தால் சுடர் அந்த ஓரம் வரைக்கும் வராது.