லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

லயத்துப் பிள்ளை:
தோட்டம் கைமாறியதும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்து மாடி பிளாட்டுக்கு வந்தோம். லிப்ட் கிடையாது. மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் அப்போது வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்); அப்பாவின் சேமநிதிப் பணம் அதில்தான் போனது. லயத்தில் பின்வாசலில் நின்று ‘பசியாறியாச்சா?’ என்றால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். இங்கே எல்லா வீட்டுக்கும் இரும்புக் கிரில், அதற்கு ஒரு பூட்டு. ஆனாலும் முதல் பொங்கலுக்கே கீழே மோட்டார் நிறுத்தும் இடத்தைக் கழுவிப் பானை வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா (மக்சிக்) பிள்ளைகளோடு வந்து கரும்பு கடித்தார்.

மாடிப்படியைத்தான் மன்னிக்க முடியவில்லை. தாத்தா இறந்தபோது நாலாம் மாடியிலிருந்து பெட்டியை இறக்கினோம். வளைவில் பெட்டி திரும்பவில்லை. கைப்பிடிக்கு மேலே தூக்கி, கிட்டத்தட்ட நிமிர்த்தி, மாமாமார்கள் ‘மெல்ல, மெல்ல’ என்று சொல்லிக்கொண்டே இறக்கினார்கள். மூன்றாம் மாடிச் சீன அங்கிள் செருப்பு ரேக்கை உள்ளே இழுத்துப்போட்டு வழி விட்டார். வீட்டில் மனிதர்கள் சாவார்கள் என்பது பிளான் வரைந்தவர்களுக்குத் தோன்றவே இல்லையா?

மூன்றாம் மாடி அக்கா:
தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. நான் வேறு கதை சொல்கிறேன். மகள் பிரான்சில் படித்தபோது, மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிய குடியிருப்பைப் பார்க்கக் கூட்டிப்போனாள். 1952-இல் முடித்த கட்டடம், 337 வீடுகள், பெரிய தூண்கள் மேல் நிற்கிறது. பாதி உயரத்தில் கடைவீதி. மொட்டைமாடியில் பாலர் பள்ளிக்கும் பிள்ளைகள் விளையாடும் சிறு குளத்துக்கும் இடம். இவ்வளவும் யோசித்த மனுஷன், வாசலில் நின்று பேச வெளிச்சம் வைக்கவில்லை! பெரும்பாலான வீடுகள் இரண்டு தட்டாக, கட்டடத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை போகின்றன. அதனால் நடைபாதை நடுவில் மாட்டிக்கொண்டு, பகலிலும் விளக்கு எரிகிறது. வீட்டுக்குள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறையில்லை, அது உண்மை. என்றாலும் சாரல் அடிக்கும் நம் திறந்த வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவதுதான் எனக்குச் சரி.

ரைபிள் ரேஞ்ச் பேரன்:
பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் ஆச்சி வீடு. வார்த்துக் கொண்டுவந்து பொருத்திய கான்கிரீட் சுவர். சாமி படம் மாட்ட அடித்த ஆணியெல்லாம் வளைந்ததுதான் மிச்சம். முருகன் கடைசிவரை அலமாரி மேலேயே இருந்தார். அப்புறம் ஒரு சந்தேகம், அண்ணே. கீழே பொங்கல் வைக்க உங்கள் பக்கம் ஜேஎம்பியில் (பிளாட்டைப் பார்த்துக்கொள்ளும் கூட்டு நிர்வாகக் குழு) அனுமதி கேட்க வேண்டுமா? எங்கள் பிளாட்டில் இந்த வருஷம் விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொல்கிறார்கள்.